ஆள் அனுப்பி நடந்தவர்

அவருடைய மேசைக்குப் பக்கத்திலேயே யன்னல் இருந்தது. கையை நீட்டினால் கொக்கி எட்டும். ஆனால் அந்த யன்னலை அவர் திறந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "பிள்ளை, காத்து ஒண்டும் காணேல்ல, உந்த யன்னலை ஒருக்கால் திறந்துவிடும்" என்று கந்தோரின் மற்றக் கரையில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார். நான் எழுந்து, மேசைகளையும் அலுமாரியையும் சுற்றிக்கொண்டு போய், அவருடைய மூக்குக்கு முன்னால் கையை நீட்டித் திறந்துவிட்டு வருவேன். "அதுதான். இப்பதான் உசிர் வந்தது" என்பார்.

துறைமுகத்தை ஒட்டி இருந்த ஒரு களஞ்சியத்தின் கந்தோர் அது. இறங்கும் சரக்கு யாருடைய பேரில் வந்திருக்கிறது, எந்த லொறியில் ஏறிப் போகிறது என்று பார்த்துப் பதிவது எங்கள் வேலை. அவர் தலைமை லிகிதர், நான் கடைசி மேசைக்காரி. அவருடைய பேரைச் சொல்லத் தேவையில்லை. திருகோணமலை நகரத்தில் பாதிப் பேர் அவருக்காக ஏதாவது ஒரு காரியத்துக்கு ஓடியிருப்பார்கள், இவ்வளவு சொன்னதற்கே ஆளைப் பிடித்துவிடுவார்கள். எல்லாரும் ஐயா என்றோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

சத்தம்போட்டு வேலை வாங்குகிறவராக இருந்திருந்தால் இரண்டு நாளில் வெறுத்திருப்போம். அவர் அப்படியில்லை. மெதுவான குரல், குழைவான கேள்வி. இந்தக் காரியத்தை உன்னைவிட்டால் வேறு யாராலும் செய்ய முடியாது என்று நம்பவைத்துவிடுவார். யாருடைய பிள்ளை எந்த வகுப்பு, யாருடைய தாய்க்கு எந்தக் காலில் வாதம் என்று எல்லாம் நினைவு வைத்திருந்து விசாரிப்பார். விசாரித்து முடிகிறபோது நம்முடைய கையில் அவருடைய வேலை ஒன்று இருக்கும்.

செத்தவீடுகளுக்கு என்னைத்தான் அனுப்புவார். "நான் வந்ததாச் சொல்லும் பிள்ளை. சொல்லிப்போட்டுக் கொஞ்சநேரம் இரும். நீர் உடன எழும்பினா நான் உடன எழும்பினதாப் போயிடும்." நானும் போய், முன்பின் தெரியாத சனங்களுக்கு நடுவில், அவருடைய துக்கத்தை என் முகத்தில் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பேன். ஒருமுறை எங்கள் லொறிச் சாரதி ஒருவருடைய தாயின் செத்தவீடு. அதற்கு முந்திய வருடம் அவருடைய தகப்பனின் செத்தவீட்டுக்கும் நான்தான் போயிருந்தேன். என்னைக் கண்டதும் அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு, "இந்தமுறையும் நீங்கள்தானோ?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் கந்தோரில் ஐயா கேட்ட முதல் கேள்வி, "ஏன் பிள்ளை வேளைக்கு எழும்பினனீர்?" செத்தவீட்டுக்கு என்னை அனுப்பினவர், நான் ஒழுங்காக இருக்கிறேனா என்று பார்க்க இன்னொருவரையும் அனுப்பியிருந்தார்.

கொரோனா ஊசி போட்ட காலத்தில் இன்னொரு கூத்து. வரிசையில் விடியவே களஞ்சியக் காவலாளியை நிறுத்திவைத்தார். முறை நெருங்கியதும் ஓட்டோவில் போய் இறங்கினார். அதுவரைக்கும் எல்லாம் அவருடைய வழக்கப்படிதான். கதிரையில் இருத்தி, சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னபோதுதான் முகம் மாறியதாம். தாதி ஊசியோடு நிற்கிறார், இவர் திரும்பிக் காவலாளியைப் பார்க்கிறார். காவலாளி அந்தப் பார்வையைக் கந்தோரில் நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்துபோனது.

இருந்தும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். என் அப்பா ஆசுபத்திரியில் கிடந்த கிழமை முழுவதும் காலமை கஞ்சி, மத்தியானம் சோறு, பின்னேரம் துணைக்கு ஓராள் என்று ஐயாவிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. அவர் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் அனுப்பிய ஆட்கள் தவறாமல் வந்தார்கள். அன்பு காட்டவும் அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதனாலே அவரை முழுதாக வெறுக்க என்னால் முடியாமல் போனது. அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். எங்கள் ஒழுங்கையிலேயே சில வீடு தள்ளி அவர்கள் வீடு. ஒரே மகன் கனடாவில். ஐயாவைக் கொழும்புக் கந்தோருக்கு மாற்றப்போகிறார்கள் என்று ஒருமுறை கதை வந்தது. அக்கா அம்மன் கோவிலுக்கு நேர்த்தி வைத்து, வெளிவீதியில் அடியழித்தார். விழுந்து கும்பிட்டு, எழுந்து, ஓர் அடி வைத்து, மறுபடி விழுந்து, அந்த வெயிலில் வீதி முழுவதும். ஐயா நிழலில் நின்று தண்ணீர்ப் போத்தல் பிடித்தார். இல்லை, அதுவும் பிழை, போத்தலைப் பிடித்தது நான். மாற்றம் நின்றுபோனது. கொழும்பில் இடமில்லாமல்தான் நின்றது என்று கந்தோரில் எல்லாருக்கும் தெரியும்.

ஐயா அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவரிடம் பழைய சான்று ஒன்று இருந்தது. "நான் சின்னனில மஞ்சக்காமாலை வந்து கிடந்தனான். அம்மாதான் எனக்காகக் கோவிலைச் சுத்திப் பிரதட்டை பண்ணினவ. நானோ உருண்டனான்? நான் பாயில படுத்திருந்தனான். சுகம் ஆருக்கு வந்தது, சொல்லும் பாப்பம்?" எங்கள் ஊரில் தாய் பிள்ளைக்காக உருள்கிறாள், மனைவி புருசனுக்காக விரதம் இருக்கிறாள். எல்லாரும் செய்வதுதான். ஐயா அதைக் கோவில் வாசலோடு நிறுத்தாமல் வாழ்க்கை முழுவதற்கும் விரித்துக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓய்வுபெற்றுக் கொஞ்ச நாளில் அவருக்கு நெஞ்சு பிடித்தது. சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே சரிந்துவிட்டார். ஆசுபத்திரியில் அடைத்திருந்த இரத்தக்குழாயைத் திறந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கிழமை இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. ஆசுபத்திரி வாசலில் நின்று அக்கா ஒரு நேர்த்தி வைத்திருந்தார்: மனிசன் உயிரோடு வந்தால், முழுச்சுகம் வரும்வரை ஒவ்வொரு நாள் காலமையும் வெறுங்காலோடு கோட்டைக்குள்ளே மலைக்கோவிலுக்கு நடந்து போய்க் கும்பிடுவேன் என்று. கிளினிக்கில் ஐயாவுக்கு டொக்டர் சொல்லியிருந்தார்: ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும், மாத்திரையைப் போலவே அதையும் விடக்கூடாது என்று.

ஐயா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு நெஞ்சுக்கு எதற்கு இரண்டு நடை? "வீட்டில ஒராள் நடக்குதுதானே" என்றார் என்னிடம். "அவ எனக்காக நடக்கேக்க நானும் சேந்து நடந்தா, நேர்த்தியில நம்பிக்கை இல்லாதமாதிரி எல்லோ போயிடும்." சும்மா பகிடிக்குச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். முழு மனதோடு நம்பித்தான் சொன்னார். உடம்பு வளையாத பஞ்சிக்காரனுக்குக் கடவுள் பக்தியும் சேர்ந்துவிட்டால் அவனை அசைக்க யாராலும் முடியாது.

அக்காவோடு கூடப் போகவேண்டியதும் அவர்தான். அதற்கும் ஆள் இருந்தது. "அக்கா விடியவெள்ளன தனியப் போறா. நீர் ஒருக்கால் கூடப் போய்வாரும் பிள்ளை." அந்த ஒருக்கால் வருடக்கணக்கில் நீண்டது.

முதல் நாட்கள் பெரும்பாடு. கடற்கரை வழியாகப் போகும்வரைக்கும் ஒருமாதிரிப் போய்விடுவோம். கோட்டை வாசலைத் தாண்டி ஏற்றம் தொடங்கினதும் அக்காவுக்கு மூச்சு வாங்கும். அவருக்கும் பிறசர், முழங்காலில் நோ. மரத்தடியில் மான்கள் படுத்திருக்கும் இடத்தில் நின்று நின்று போவோம். மான்கள் எங்களைப் பார்த்து எழும்புவதையே விட்டுவிட்டன. நானும் லேசுப்பட்டவள் இல்லை. கதிரையில் இருந்து வேலை செய்து எனக்கும் இடுப்புப் பெருத்திருந்தது. ஐயாவைத் திட்டிக்கொண்டே ஏறுவேன். திட்டுவதற்கு அக்காவுக்கு மூச்சு மிஞ்சியிருக்காது.

மாதங்கள் போகப் போக நிற்கிற இடங்கள் குறைந்தன. ஒருநாள் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான், இன்றைக்கு எங்கேயும் நிற்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. இன்னொரு நாள் அக்கா சப்பாத்தோடு வந்து நின்றார். சந்தைப் பக்கம் வாங்கிய சாதாரணத் துணிச் சப்பாத்து.

"நேர்த்தி வெறுங்காலோட எல்லோ அக்கா?"

"கல்லுக் குத்துது பிள்ளை" என்றார். "அதோட, இதப் போட்டா இறக்கத்திலயும் கெதியா நடக்கலாம்."

நாங்கள் திரும்பி வருகிறபோது ஐயா படலை வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருப்பார். இடுப்பில் சாரம், காலில் மகன் கனடாவிலிருந்து அனுப்பிய வெள்ளைச் சப்பாத்து. நடப்பதற்கென்று மகன் அனுப்பியது. அது மண்ணைத் தொட்டது கதிரையிலிருந்து படலைவரைக்கும்தான். "இண்டைக்குச் சுணங்கிப்போட்டுது. நாளைக்குக் கொஞ்சம் இறுக்கி நடவுங்கோ, டொக்டர் வேகமா நடக்கச் சொன்னவ" என்பார். எங்களுக்கு வேர்த்து ஊற்றும், துவாயால் முகத்தைத் துடைப்பவர் அவர். பிறகு உள்ளே போய், "நல்ல நடை. இனிப் பசிக்கும்தானே" என்று புட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார். ஒழுங்கையில் போகிறவர்கள் விசாரித்தால், "நாங்கள் இப்ப ஒவ்வொரு நாளும் நடக்கிறனாங்கள்" என்று சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

கிளினிக்குக்கு அவர் வந்து இறங்குவதற்கு முன்பே நான் போய் இடம் பிடித்திருக்கவேண்டும். அதனால் அன்றைக்கு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். டொக்டர் மூதூர்ப் பக்கத்துப் பெண், வயது குறைவு, பேச்சில் சுற்றிவளைப்பில்லை. பிறசரைப் பார்த்தார், நிறையைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"நடக்கிறீங்களா?"

"ஒருநாளும் விடுறேல்ல, டொக்டர். மழைக்கும் விடுறேல்ல."

"அப்ப ஏன் நிறை ஏறியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, நிற்கிற இடத்திலேயே நடக்கவைக்கும் அந்த ஓடும் பட்டியில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டு அதில் நடக்கவேண்டும். நடக்க நடக்க இதயம் என்ன செய்கிறது என்று பக்கத்துப் பெட்டியின் திரையில் தெரியும். ஐயா அந்தப் பட்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மெதுவான அந்தக் குரலில் கேட்டார்:

"டொக்டர், இதை இவ செய்தாக் காணாதோ? நடக்கிறது இவதானே."

"ஆரு நடக்கிறது?" என்றார் டொக்டர். ஐயா ஒளிக்கவில்லை. நேர்த்தி, மலைக்கோவில், மஞ்சக்காமாலை, தாயின் பிரதட்டை எல்லாவற்றையும் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல விளங்கப்படுத்தினார். தாதி திரைக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஐயா, இதயமும் ஒரு தசைதான். நடந்து நடந்து பழக்கினா அது பலக்கும். ஒருக்கா அடிக்கக்குள்ள கூட இரத்தத்தத் தள்ளும், அதால மத்த நேரம் ஆறுதலா அடிக்கும். நடக்கக்குள்ள இரத்தம் குழாயின்ட உள்சுவரை உரசிக்கொண்டு வேகமா ஓடும். அப்பதான் அந்தச் சுவர் இளகி, குழாய் விரியப் பழகும். பிறசர் இறங்கும், சீனி இறங்கும், கொழுப்பு படியிறது குறையும். அதுவும் ஒவ்வொரு நாளும் செய்தாத்தான். விட்டா, வந்தது எல்லாம் போயிடும். இது எல்லாம் நடக்கிற ஆள்ட உடம்புக்குள்ளதான் நடக்கும். நான் வெளங்கச் சொல்றேனா?"

"விளங்குது" என்றார் ஐயா. முகத்தில் ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை.

பட்டியில் ஏற்றினார்கள். வீட்டு வாசலிலிருந்து ஒழுங்கை முனைக்குப் போகிற தூரம்கூட நடந்திருக்கமாட்டார். முகம் வெளிறி, கையைத் தூக்கிவிட்டார். நிறுத்திவிட்டார்கள். டொக்டர் அக்காவைக் கூப்பிட்டு இருத்தி, அவருடைய பிறசரைப் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார். "அம்மா, உங்கட பிறசர் நல்லா இறங்கியிருக்கு. நாடியும் ஆறுதலா அடிக்குது. உங்கட குளிசையைக் குறைக்கலாம்" என்றவர், ஐயாவின் பக்கம் திரும்பினார். "அவங்கட நடை அவங்களுக்குத்தான் வேலை செஞ்சிருக்கு. உங்களுக்கு ஒண்டும் வரல்ல. இப்பிடியே இருந்தா அடுத்தமுறை இங்க வந்து சேர உங்களுக்கு நேரம் கிடைக்குமோ எண்டு எனக்குச் சொல்ல ஏலாது."

வேறு ஒருவராக இருந்தால் அன்று பின்னேரமே நடக்கத் தொடங்கியிருப்பார். ஓட்டோவில் திரும்பும்போது ஐயா வேறு யோசனையில் இருந்தார். களஞ்சியத்தில் ஆயுள் முழுவதும் சரக்குக்குப் பேர் பார்த்தவர் அல்லவா? சரக்கு வந்திருக்கிறது, ஆனால் வேறு ஆளுடைய பேரில் இறங்கியிருக்கிறது. அப்படியானால் பேரில்தான் பிழை.

"இஞ்சரும்" என்றார் அக்காவிடம். "கோவிலில அர்ச்சனை செய்யேக்க என்ர பேர் நட்சத்திரம் ஒழுங்காச் சொல்லுறனீரோ?"

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூராடம் எண்டு சொன்னனீரோ?"

"கொஞ்ச நாளா அர்ச்சனை செய்யிறேல்ல" என்றார் அக்கா. "மேல போனாக் கடல் காத்து நல்லா வரும். கொஞ்சநேரம் நிண்டிட்டு வருவன்."

ஐயாவுக்கு அப்போது வந்த கோபத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சத்தம் மட்டும் உயரவில்லை. "அப்ப என்ர சுகத்தை நீர் எடுத்துப்போட்டீர். சப்பாத்தும் போட்டுக்கொண்டு திரியேக்கையே நினைச்சனான்." எனக்கு அந்த ஓட்டோவிலேயே அவரை இறக்கிவிடவேண்டும்போல இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அக்கா அழவில்லை. "நாளைக்குச் செய்யிறன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் மலையேறினோம். அக்கா காற்றில் நின்றார், கடலைப் பார்த்தார், கண்ணை மூடிக் கும்பிட்டார், இறங்கிவிட்டார். அர்ச்சனைப் பக்கம் போகவேயில்லை. படலையில் ஐயா கேட்டதற்கு, "ஓம், பூராடம் எண்டு சொன்னனான்" என்றார். அக்கா அவரிடம் சொன்ன முதற் பொய் அதுவாகத்தான் இருக்கும். எனக்குப் பெரிய சந்தோசம்.

ஆனால் அக்கா அவரை விட்டுவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் கேட்டுப் பார்த்தார். "கடற்கரை மட்டும் வாங்கோ. மணலில கொஞ்சம் நடந்திட்டு இருப்பம்." டொக்டர் சொன்ன பயம் அக்காவைத்தான் பிடித்திருந்தது. பயப்படுகிற வேலையையும் அக்காவிடம் கொடுத்துவிட்டு ஐயா நிம்மதியாகப் புட்டுச் சாப்பிட்டார். ஒரேயொரு நாள் வந்தார். ஒழுங்கை முனைவரை நடந்து, அங்கே ஓட்டோ ஒன்றை மறித்து ஏறி, திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நடையை மகனுக்குப் போனில் மூன்று நாள் சொன்னார்.

அந்த மாரியில் எங்கள் ஒழுங்கையை மழைத்தண்ணீர் ஓடக் கான் கட்டுவதற்குக் கிண்டிப் போட்டிருந்தார்கள். மழை நின்று, குழியெல்லாம் தண்ணீர். ஒரு விடுமுறை நாள், காலமைச் சாப்பாட்டு நேரம், அக்கா என்னைக் கூப்பிட்டது நாலு வீட்டுக்குக் கேட்டது. போய்ப் பார்த்தால் ஐயா படலைக் கதிரையிலேயே நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை. அம்புலன்ஸுக்கு அடித்தேன். வந்துவிட்டது, ஆனால் ஒழுங்கைக்குள் வர வழியில்லை. தெருமுனையில் நிற்கிறோம், ஆளை நடக்க விடவேண்டாம், தூக்குப் படுக்கையோடு வருகிறோம் என்றார்கள்.

அக்கா காத்து நிற்கவில்லை. "கதிரையோட தூக்குவம்" என்றார். "நீ முன்கால் ரெண்டையும் பிடி." பாரம் முழுவதும் விழுகிற பின்பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டார். சேற்றிலும் பலகைப் பாலத்திலும் கால் வைத்து, வெள்ளைச் சப்பாத்தோடு ஐயாவைச் சாமி தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனோம். எனக்குக் கை கழன்றது, கொஞ்சம் இறக்குவோம் என்று கெஞ்சினேன். "இறக்காத. நட" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் மூச்சு வாங்கவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது கூடியவர். பாதி வழியில் அம்புலன்ஸ்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டபோது, நான் சேற்றிலேயே இருந்துவிட்டேன். அக்கா அவர்களுக்கு முன்னால் போய் வண்டியில் ஏறினார்.

தப்பிவிட்டார். கொஞ்சம் சுணங்கியிருந்தாலும் ஆளில்லை என்று டொக்டர் சொன்னார். அடுத்த நாள் நான் பார்க்கப் போனால், கட்டிலைச் சுற்றி நிற்கிற சொந்தக்காரருக்கு ஐயா கதை சொல்கிறார்: "இவ மலையேறி நடந்தது வீண்போகேல்ல. அந்த நடை இல்லாட்டி என்னைத் தூக்கியிருப்பாவோ? அவ நடந்தவ, நான் பிழைச்சன். டொக்டருக்குத்தான் விளங்கேல்ல." அந்த மனிதர் சொன்னதில் உண்மையும் இருந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த உலகம் சிலரிடம் தோற்பதற்கென்றே இருக்கிறது போலும்.

சொந்தக்காரர்கள் போனபிறகு டொக்டர் வந்தார். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி அது திரும்பாது என்றார். மிச்சமிருப்பதைக் காப்பாற்றவேண்டும் என்றார். "வீட்டுக்குப் போனபிறகு முற்றத்தில மெதுமெதுவா நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும், ஆனா ஒரு நாளும் விடக்கூடாது. இதயம் உங்கடது, ஐயா. அம்மாவால உங்களத் தூக்க ஏலும். உங்கட இதயத்தை அடிக்க வைக்க ஏலாது." டொக்டர் போனபின் ஐயா என் கையைப் பிடித்தார். "பிள்ளை" என்றார், "இதுக்கு ஒருத்தரையும் கேக்கேலாதோ?"

கந்தோரில் யன்னல் திறக்கச் சொன்ன அதே குரல்தான். ஆனால் கண் நிறையப் பயம். எனக்கு அவர்மேல் பாவம் வந்தது. அத்தனை வருடக் கோபத்துக்கும் அது சரியான துரோகம். "ஏலாது ஐயா" என்றேன். கையை மட்டும் எடுக்காமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா இரண்டு கிழமை எங்கேயும் போகவில்லை. முற்றத்தில் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து நடத்தினார். நடத்தினார் என்று சொல்கிறேன், உண்மையில் அக்கா நடந்தார், அவர் அக்காவில் தொங்கினார். தனியே நடக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் அவர் கையை விடவில்லை. அக்காவின் முகம் ஊதிப் போயிருந்தது. பிறசர் திரும்ப ஏறுகிறது என்றார். இனி மலை இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

ஒருநாள் விடிய என் படலையில் அக்கா நிற்கிறார். சப்பாத்துக் கயிறு கட்டியிருந்தது. "வா" என்றார். அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஐயா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"நான் தனிய எப்பிடி நடக்கிறது? இண்டைக்கு ஒரு நாள் நில்லுமன்."

"கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ. அந்தக் கரை மட்டும் போய், திரும்பி வாங்கோ. டொக்டர் சொன்னவதானே, ஒண்டும் செய்யாது."

"எனக்காகத்தானே போறீர்?"

"இல்லை" என்றார் அக்கா. "நான் எனக்குப் போறன்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். ஐயா ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். பால்காரன் வரவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிற நேரமும் இல்லை. அந்த வேளையில் ஒருவரும் இல்லை. கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு மற்றக் காலை வைத்தார்.

"நடக்கிறாரோ?" என்று அக்கா முன்னால் போய்க்கொண்டே கேட்டார்.

"ஓம், நடக்கிறார்."

"அப்ப திரும்பிப் பாக்காத பிள்ளை. பாத்தா உன்னைக் கூப்பிடுவார்."